துயிலும் துள்ளிசையும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினை உறக்கத்திலே கழிக்கின்றான். எனினும் மனிதனைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அவன் விழித்திருந்த பொழுதுகளைப் பற்றியனவே. இலக்கியமுங்கூட உறக்கத்தைக் காட்டிலும் உறக்கமின்மையையே விரும்பிப் பாடியிருக்கின்றது. உலகெல்லாம் துயிலத் தான் ஒருத்தி மட்டுமே துயிலாதிருப்பதாகக் கூறும் தலைவியைக் குறுந்தொகையிலே காண்கின்றோம். அவள் தலைவனோடு துயின்ற இரவுகளில் எப்பக்கம் சரிந்து படுத்தாள், விடியும்வரை அவள் கை எங்கே கிடந்தது என்பவற்றை விரித்துரைத்தோர் அரியர்.

கணவனும் மனைவியும் எவ்வாறு படுத்துறங்குகின்றனர் என்பது வெட்கத்தின் காரணமாகப் பேசப்படாத பொருள். ஆட்டத்துக்கென்றே பிறந்த பொப் இசையோ இளக்காரத்தின் காரணமாகப் பேசப்படாத பொருள். முன்னதைக் குறிப்பிட்டால் சபை தலைகுனியும்; பின்னதைக் குறிப்பிட்டால் சபை புன்னகை செய்யும். ஆயினும் சற்று நின்று நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒரே வினாவையே எழுப்புவது புலனாகும். இரண்டு உடல்கள், ஒன்றையொன்று நெருக்காமலும் ஒன்றையொன்று இழக்காமலும், ஓர் இடத்தில் எவ்வாறு கூடியிருத்தல் இயலும்? இவ்வினாவுக்கு நூல்களில் விடை தேடுவதிலும், வலிகாமத்துக் கிராமமொன்றிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து வாழும் ஒரு தம்பதியரின் பாயிலும் கட்டிலிலும் தேடுவது பயனுடைத்து.

அவர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றிலே எழுதுவினைஞராயிருந்தவர். ஊரார் அவரை நினைவிற் கொண்டிருப்பது அந்த உத்தியோகத்துக்காக அன்று. 1970களின் பிற்பாதியில், கலியாண வீடுகளிலும் கோயிற் திருவிழாக்களின் பின்னிரவுகளிலும் பாடித் திரிந்த ஒரு சிறு பொப் குழுவிலே அவர் பொங்கோ அடித்தார். தோளளவு வளர்ந்த தலைமயிரும், நிலத்தைக் கூட்டும் அகன்ற காற்சட்டையும் அவருடைய அந்நாளைய அடையாளங்கள். அவரை மணந்த அம்மையார் அடுத்த ஊரவர், தையற்கலை படித்தவர், அக்குழுவின் பாடல்களை வேலிக்கு இப்பால் நின்று கேட்டுக் காலால் மெல்லத் தாளமிட்டவர். அவ்வாறு தாளமிட்டதைத் திருமணத்துக்குப் பின்னரே அவர் ஒப்புக்கொண்டாராம்.

அக்காலத்துப் பொப் இசையின் வரலாறு இங்கு சுருக்கமாகவேனும் குறிப்பிடத்தக்கது. போர்த்துக்கீசர் வருகையோடும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் இந்நாட்டின் கரையை அடைந்த ஆட்டத்தாளம், புத்தளத்துச் சிரம்பையடியிலும் மட்டக்களப்புப் பறங்கியர் நடுவிலும் நிலைத்து நின்றது. அதுவே வொலி பஸ்தியான்ஸ் போன்றோரின் வாயிலாகச் சிங்களப் பைலாவாகிப் பரவியது. அத்தாளத்தின் மேலே கிற்றாரையும் எளிய பேச்சுத் தமிழையும் ஏற்றி, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோர் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையை மக்கள் இசையாக்கினர். அதே ஆண்டுகளில் 'அபா', 'பொனி எம்' ஆகிய ஐரோப்பியக் குழுக்களின் இசைத்தட்டுக்களும் கசற்றுக்களும் யாழ்ப்பாணத்து ஒலிபெருக்கிகள் வரை வந்து சேர்ந்தன. டிஸ்கோ என்னும் சொல்லை அதன் பொருளறியாதவரும் உச்சரித்த காலம் அது.

இவ்விசையின் சிறப்பு அதன் கடினத்தில் இல்லை, எளிமையிலேயே உள்ளது. டிஸ்கோப் பாடல்களிற் பல நிமிடத்துக்கு 120 அடிகளையொட்டிய வேகத்தில் இயங்குவன. மனிதன் இயல்பாக நடக்கும்போது அவன் பாதங்கள் நிலத்திற் படும் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இப்பாடல் கேட்டவுடன் காலுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கால் ஏற்கெனவே கற்றிருந்ததையே பாடல் நினைவூட்டுகின்றது. அதனிலும் முக்கியமான இன்னொன்றுண்டு. மேலைநாட்டு வோல்ட்ஸ் நடனத்தில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பற்றியே ஆடவேண்டும். ஒருவரின் பிழை மற்றவரின் காலை மிதிக்கும். எமது பழைய குரவையிலும் ஆடுவோர் கைகோத்தே ஆடினர். பைலாவிலும் டிஸ்கோவிலும் அத்தகைய கட்டாயம் இல்லை. இருவரும் விலகி நின்று, தத்தமக்கு வாய்த்த அசைவை ஆடலாம். அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது கை அன்று. இருவருக்கும் பொதுவான அந்த அடி.

1979ஆம் ஆண்டு அவர்களுடைய திருமணம் நடைபெற்றது. சீதனத்தோடு வந்த முதிரைக் கட்டில் நாலடி அகலமானது. புதுமணத் தம்பதியர் பலரும் நம்புவது போல, அன்பின் அளவு நெருக்கத்தின் அளவே என்று அவர்களும் நம்பினர். காதலியின் மென்தோளிலே துயில்வதிலும் தாமரைக்கண்ணானின் உலகம் இனியதோ என்று வினவிய வள்ளுவர், அத்தோளுக்கு உரியவர் காலையில் என்ன பாடுபட்டார் என்பதை எழுதவில்லை. இங்கே தோள் அவருடையது, தலை அம்மையாருடையது. அவள் உறங்கிவிட்டாளே, எழுப்புவது பாவம் என்று அவர் விடியும்வரை கையை அசைக்காது கிடந்தார். விடிந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு தொங்கிப் போயிருந்தது.

"இஞ்சாரும், கை எழும்புதில்லை" என்று அவர் சொன்னபோது அம்மையார் அதனை விளையாட்டென்றே எண்ணினார். பின்னர் அழத் தொடங்கினார். பரிசோதித்த வைத்தியரோ முதலிற் சிரித்தார். மேற்கையின் எலும்பைச் சுற்றி ஓடும் ஆரை நரம்பு, நெடுநேரம் ஒரு தலையின் பாரத்தினால் அமுக்கப்படும்போது சோர்ந்துபோகும். மணிக்கட்டையும் விரல்களையும் உயர்த்தும் வலு அப்போது அற்றுப்போகும். ஆங்கில மருத்துவர் இதற்குத் தேனிலவு வாதம் என்றே பெயரிட்டுள்ளனர். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே மாறிவிடுவது. எனினும் அந்த வாரங்களில் அவரால் பொங்கோவைத் தொட முடியவில்லை. ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கலியாண வீடுகளுக்கு வேறொருவர் சென்று அடித்தார். அன்பு மிகுதியினால் ஒருவர் அசையாதிருப்பது மற்றவருக்குச் செய்யும் உதவியன்று என்பதை அத்தம்பதியர் முதன்முதலாகக் கற்றது இவ்வாறே.

அதன் பின்னர் அவர்கள் மெல்ல மெல்லப் படுக்கப் பழகினர். படுக்கப் பழகுதல் என்னும் தொடர் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தனியே உறங்கி வளர்ந்த உடல் இன்னோர் உடலோடு உறங்குவதற்குக் கற்கத்தான் வேண்டும். உறக்கம் வரும்வரை ஒருவர் மற்றவரின் முதுகோடு முகம் வைத்து, அடுக்கிய கரண்டிகளைப் போல ஒரே பக்கமாகச் சரிந்து படுப்பது அவர்களுக்கு உகந்ததாயிற்று. அப்போது கீழ்க்கை தலையணைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் நீட்டப்படுமாயின் பாரம் அதன் மேல் வீழாது. கண்ணயர்ந்த பின் இருவரும் பிரிந்து முதுகோடு முதுகாகத் திரும்பினர். இடுப்பளவில் மட்டும் ஒருவர் சூடு மற்றவருக்குத் தெரியும். கால்கள் விரும்பியவாறு கிடக்கும். மூச்சு ஒருவர் முகத்தில் ஒருவருக்கு வீசாது. மாமியார் ஒருநாள் அதிகாலையில் கதவிடுக்கினூடே இதனைக் கண்டுவிட்டு, பிள்ளைகள் பிணங்கிக்கொண்டனவோ என்று கவலையுற்றாராம். முதுகு காட்டுதல் ஊடலின் குறி என்று இலக்கியம் கற்பித்த பாடம் அத்துணை ஆழமானது.

யாழ்ப்பாணத்து வெப்பமும் இவ்விடத்தே கருதத்தக்கது. உறக்கம் தொடங்கும்போது உடலின் உள்வெப்பம் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றது. கை கால்களின் தோலினூடே வெப்பம் வெளியேறினாலன்றி அக்குறைவு நிகழாது. காதலர்க்கு இனியது காற்றும் இடையே புகாத முயக்கமென்பது காமத்துப்பாலின் தீர்ப்பு. முயக்கத்துக்கு அது பொருந்தும். சித்திரை மாதத்து இரவிலே, மின்விசிறி இல்லாத அறையில், எட்டு மணிநேர உறக்கத்துக்கு அது பொருந்தாது. அங்கே இருவர்க்கும் இனியது காற்றுப் புகும் இடைவெளியே. அவ்விடைவெளி பிரிவு அன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் அவர்கள் கட்டிலைத் துறந்து, முற்றத்து வேம்பின் கீழே பனையோலைப் பாயிரண்டை விரித்து, ஒரு முழம் இடைவிட்டுப் படுத்தனர். குளிர்மைக்கு அதனை மிஞ்சிய மெத்தை இல்லை.

இதனையொட்டி நினைவுக்கு வருவது பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து நாட்டறிஞர் ஹைகன்ஸின் ஓர் அவதானிப்பு. 1665ஆம் ஆண்டு நோயுற்றுப் படுக்கையிலே கிடந்தபோது, ஒரே சட்டத்திலிருந்து தொங்கிய இரண்டு ஊசற் கடிகாரங்களை அவர் நோக்கிக்கொண்டிருந்தார். அவ்விரண்டும் எவ்வாறு தொடங்கப்பட்டாலும் சிறிது நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்தன. ஆயின் அவை ஒரே திசையில் ஆடவில்லை. ஒன்று இடம் செல்லும்போது மற்றது வலம் சென்றது. இரண்டையும் தாங்கிய சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய அசைவே அவற்றை இணைத்தது. எதிரெதிர்த் திசையில் ஆடியும் ஒரே தாளத்தில் நிற்றல் கூடும் என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டுமோ? முதுகோடு முதுகாய் உறங்கும் இருவரையும் ஒரே கட்டிற் சட்டமே தாங்குகின்றது.

மூத்த மகள் வயிற்றிலிருந்த மாதங்களில் கட்டில் முழுவதும் அம்மையாருக்குரியதாயிற்று. நிறைமாதத்தில் மல்லாந்து கிடந்தால் கருப்பையின் பாரம் முதுகுப்புறத்துப் பெருங்குருதிக் குழாய்களை அமுக்கும்; ஆதலாற் பக்கவாட்டில் சரிந்து உறங்குவதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது. முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையும், வயிற்றின் கீழே மடித்த சேலையொன்றும் வைத்து அவர் உறங்கினார். கணவர் கீழே பாயிற் படுத்து, ஒரு கையை மட்டும் கட்டிலின் விளிம்பிலே போட்டிருந்தார். குழந்தை உள்ளே உதைத்தால் அம்மையார் அக்கையைத் தட்டுவார். அவர் விரல் நுனியால் கட்டிற் பலகையில் மறுதாளம் போடுவார். அவர் பொங்கோ அடிப்பதைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விரல்கள் கைவிடவில்லை.

1990இல் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. ஜாம்போத்தல் விளக்குகளின் காலம் தொடங்கிற்று. மின்கலம் கிடைப்பதும் அரிதாயிற்று. அக்காலத்திலே வீடுகள்தோறும் செய்ததைப் போல, அவரும் சைக்கிளை நிலையில் நிறுத்தி, டைனமோவை வானொலிப் பெட்டியோடு இணைத்து மிதித்தார். செய்தி முடிந்தபின், பிள்ளைகளுக்காகப் பழைய கசற்றொன்று போடப்படும். மிதி வேகமாயிருக்கும்வரை பாடல் பாடலாயிருந்தது. கால் சோர்ந்தால் பாடலும் சோர்ந்து, பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. பிள்ளைகள் மூவரும் அச்சோர்வுக்கேற்பத் தாமும் மெல்ல ஆடி, நிலத்தில் விழுந்து சிரித்தனர். அம்மையார் வந்து மறு மிதியை ஏற்றுக்கொள்வார். அடி அறுந்துவிடக் கூடாது என்பதே அவ்விளையாட்டின் ஒரே விதி. வெளியே குண்டுவீச்சு விமானங்களின் ஓசை கேட்டால் மட்டும் அவ்விதி மீறப்பட்டது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்களோடு அவர்களும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். முதிரைக் கட்டிலைத் தூக்கிச் செல்லல் இயலுமோ? ஒரு பாயும் இரண்டு போர்வைகளுமே சென்றன. பாடசாலையொன்றின் வகுப்பறையில், பல குடும்பங்கள் நடுவே, அவர்களுக்கென வாய்த்த இடம் அப்பாயின் அளவே. சுவரோரம் அம்மையார், பாதையோரம் கணவர், நடுவே மூன்று பிள்ளைகள். கணவன் மனைவி என்னும் உறவுக்கு அவ்வறையில் இடமில்லை. தாய், தகப்பன் என்பவற்றுக்கே இடமிருந்தது. எனினும் இரவில் விளக்கணைந்த பின், மூன்று பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாக ஒரு கை நீளும். மறுபுறத்திலிருந்து ஒரு கை வரும். விரல்கள் தொடும் அளவுக்கே தூரம் இடங்கொடுத்தது. தம் வாழ்வில் மிக நன்றாக உறங்கிய இரவுகள் எவை என்று பின்னாளில் மகள் கேட்டபோது, அவ்விருவரும் தனித்தனியே அப்பாடசாலை இரவுகளையே குறிப்பிட்டனர். படுக்கையின் சுகம் மெத்தையினால் மட்டும் ஆவதன்று என்பதற்கு இதுவும் சாட்சி. ஆயினும் அவ்விடர்ப்பாட்டை அழகுபடுத்திக் கூறுதல் தகாது. இடுப்பு வலியும் அச்சமும் அவ்விரவுகளில் இருந்தன.

மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் நின்றன; கட்டில் இல்லை. பின்னர் வேறொரு கட்டில் வாங்கப்பட்டது. பிள்ளைகள் வளர்ந்து, மணமாகி, இருவர் கனடாவிலும் ஒருவர் கொழும்பிலுமாகப் பிரிந்தனர். நாலடிக் கட்டிலில் மறுபடியும் இருவர் மட்டுமே எஞ்சினர். அப்போதுதான் குறட்டை தொடங்கிற்று. தொடக்கத்தில் அது வேடிக்கை, பின்னர் தொல்லை, இறுதியில் அம்மையாரின் உறக்கத்தை முற்றாகப் பறித்த வல்லரசு. அவர் தம் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றார்.

"அம்மா, அப்பாவோட ஏதும் கோபமே?" என்று தொலைபேசியிலே மகள் வினவினார்.

"கோபமென்ன பிள்ளை, அவற்ற குறட்டைக்கு ஆர் பக்கத்தில படுக்கிறது?" என்பது தாயின் மறுமொழி.

தம்பதியர் தனித்தனியே உறங்குவதைக் குடும்பத்தின் தோல்வியாகக் கருதும் மனப்பாங்கு எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. அது சரியன்று. ஒருவர் உறங்க முடியாதிருப்பதைவிட இருவர் இரண்டு அறைகளில் உறங்குதல் மேல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மறுபக்கமும் ஒன்றுண்டு. ஜேர்மனியிலே பன்னிரண்டு இளந்தம்பதியரின் உறக்கத்தைச் சேர்த்தும் பிரித்தும் அளந்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, சேர்ந்துறங்கிய இரவுகளிலே கை கால்களின் அசைவு கூடியதென்றும், எனினும் கனவு நிகழும் உறக்கநிலை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து அளவினால் மிகுந்ததென்றும், இருவரின் உறக்கநிலைகளும் பெரிதும் ஒத்தியைந்து சென்றன என்றும் கண்டது. பன்னிரண்டு தம்பதியர் என்பது சிறு தொகையே, அவர்களும் இளையோர், நலமாக உறங்குவோர். ஆகவே எல்லாருக்கும் இது விதியாகாது. எனினும், சேர்ந்துறங்குவோர் அதிகம் புரண்டும் அதிகம் கனவு காண்கின்றனர் என்பது சிந்தனைக்குரியது. ஒருவரின் அசைவு மற்றவருக்கு எப்போதும் இடையூறாக அமைவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நல்லூர்த் திருவிழாவுக்கென மகள் தம் பிள்ளைகளோடு வந்திருந்தார். அறைகள் விருந்தினருக்கு வழங்கப்பட்டமையால் முதியவர் இருவருக்கும் கூடத்திலே பக்கம் பக்கமாகப் பாய் விரிக்கப்பட்டது. அன்று மாலை பேரப்பிள்ளைகள் தம் கைத்தொலைபேசியிலே ஆட்டப்பாடலொன்றைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தனர். கணினியினாற் செய்யப்பட்ட அடி, மொழியோ விளங்கவில்லை. ஆயினும் சாய்மனைக் கதிரையிலிருந்த முதியவரின் விரல்கள் அசைந்தன. பேத்தி ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து அவர்முன் வைத்தாள். அவர் அடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய பைலாத் தாளத்தை அவர் அந்தப் புதிய அடியின்மேல் ஏற்ற, பிள்ளைகள் கூவினர். அம்மையார் குசினி வாசலில் நின்றவாறே தோளையும் காலையும் சிறிது அசைத்தார். வேலிக்கு இப்பால் நின்று அசைத்த அதே கால். இருவருக்குமிடையே கூடத்தின் முழு நீளமும் இருந்தது. இருவரும் ஒன்றாகவே ஆடினர் என்று கண்டோர் கூறுவர்.

அன்றிரவு பல மாதங்களின் பின்னர் அவர்கள் அருகருகே படுத்தனர். குறட்டை தொடங்கியது. அம்மையார் பொறுத்துக்கொண்டு கிடந்தார். நள்ளிரவுக்குச் சற்றுப் பின், திடீரென அது நின்றது. நின்றதனால் ஆறுதலடைய வேண்டியவர், அதனாலேயே எழுந்து உட்கார்ந்தார். ஒரு பாடலில் வரவேண்டிய அடி வராதபோது உடல் முன்னே சாய்வது போலிருந்தது என்று பின்னர் அவர் விவரித்தார். அவர் எண்ணத் தொடங்கினார். பத்து, பதினைந்து, இருபது. நெஞ்சு எழ முயன்றது, மூச்சு வரவில்லை. "இஞ்சாருங்கோ, மூச்சை விடுங்கோ" என்று தோளைப் பற்றி உலுக்கினார். பெரும் விக்கலோடு காற்று உள்ளே சென்றது. அவர் கண் விழிக்காமலே மறுபுறம் திரும்பினார். சிறிது நேரத்தின் பின் அதே நிறுத்தம் மீண்டும் வந்தது. விடியும்வரை அம்மையார் உறங்கவில்லை. குறுந்தொகைத் தலைவியைப் போல அவரும் அன்று துயிலாதவரானார்; துயிலாமைக்குக் காரணம் மட்டும் வேறு.

வராத அடியைச் செவி எவ்வாறு கேட்கின்றது? 2009ஆம் ஆண்டு ஹங்கேரி, நெதர்லாந்து நாடுகளின் ஆய்வாளர் கூடி வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு வியத்தகு விடை தருகின்றது. பிறந்து இரண்டு மூன்று நாட்களேயான சிசுக்கள் உறங்கிக்கொண்டிருக்கையில், பொப், றொக் இசையில் வழங்கும் எளிய முழவுத் தாளமொன்று அவற்றின் செவிக்கு ஒலிக்கப்பட்டது. இடையிடையே அத்தாளத்தின் முதன்மையான அடி மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டது. ஒலி இல்லாத அந்தக் கணத்திலே உறங்கும் சிசுவின் மூளை அலைகள் மாறின. வரவேண்டிய ஒன்று வரவில்லை என்பதை அது உணர்ந்தது. தாளம் கற்பதற்கு முன்னரே, விழித்தெழுவதற்கு முன்னரே, மனித மூளை அடுத்த அடிக்காகக் காத்திருக்கின்றது. ஆட்டப்பாடலின் இன்பம் அனைத்தும் அக்காத்திருப்பு நிறைவேறுவதிலேயே தங்கியுள்ளது எனலாம். அருகிலே உறங்குபவரின் மூச்சும் அத்தகைய தாளமே. நிமிடத்துக்குப் பன்னிரண்டோ பதினாறோ அடிகள் கொண்ட மிக மெதுவான தாளம். அது தவறாது வரும்வரை யாரும் அதனைக் கேட்பதில்லை.

வைத்தியர் வினவிய முதற் கேள்வியே, "இரவில் மூச்சு நிற்பதை யார் கண்டது?" என்பதாகும். உறக்க மூச்சுத்தடை என்னும் இந்நோயை நோயாளி தானே அறிதல் அரிது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும். மல்லாந்து கிடப்பின் நாக்கும் பின்சரிந்து அடைப்பை மிகுவிக்கும். குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கும். அவ்விழிப்பு நினைவில் நிற்பதில்லை. பகலில் தூங்கி வழிதலும், உயர் குருதியமுக்கமும், இருதயத்துக்குத் தீங்கும் மட்டுமே நோயாளியின் கணக்கில் எஞ்சும். ஆகவே இந்நோய்க்கு முதற் சாட்சி பெரும்பாலும் பக்கத்திற் படுப்பவரே. அம்மையார் அடுத்த அறையிலே அமைதியாக உறங்கிய மாதங்களில் அத்தாளம் எத்தனை முறை நின்றதோ, அதனை எண்ணுவாரில்லை. இந்நினைவு அவரை நெடுநாள் வருத்திற்று.

அவருக்குத் தேவையில்லாத வருத்தம் அது என்பதை வைத்தியரும் கூறினார், கணவரும் கூறினார். சோதனைகளின் பின்னர், 1981இல் அவுஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் அறிமுகஞ் செய்த முறையிலமைந்த, மூக்கினூடே மென்காற்றைத் தொடர்ந்து செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் இயந்திரம் ஒன்று அமர்த்தப்பட்டது. அது வந்து சேரும்வரை, மல்லாந்து புரளாதிருக்கப் பழைய டெனிஸ் பந்தொன்றைப் பெனியனின் முதுகுப்புறத்திலே வைத்துத் தைத்துக் கொடுத்தவர் அம்மையார். அவர் கற்ற தையற்கலைக்கு அத்தகைய பயனும் இருந்தது. பந்து உறுத்தியவுடன் முதியவர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். பேரப்பிள்ளைகள் அதனைக் கண்டு சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

இன்று அவ்வறையிலே ஒரு கட்டிலுக்குப் பதிலாக இரண்டு ஒடுங்கிய கட்டில்கள் உள்ளன. இடையே ஒரு சாண் இடைவெளி. ஒருவர் புரள்வது மற்றவரை அசைப்பதில்லை. ஒருவருக்கு வேண்டிய போர்வை மற்றவருக்குத் தேவையில்லை. பாரமுள்ள தலை எதுவும் எவருடைய நரம்பையும் அமுக்குவதில்லை. ஊரார் பார்வையில் அது பிரிந்துபோன கட்டில். அவ்விடைவெளியின் அளவை அவர்களே தெரிந்தெடுத்தனர். கை நீட்டினால் எட்டவேண்டும், நீட்டாதபோது முட்டக்கூடாது. மெத்தை விற்போரும் மணமக்களுக்கு அறிவுரை கூறுவோரும் தம்பதியருக்குச் சிறந்த கிடக்கை இதுவென ஏதேனும் ஒன்றைச் சுட்டுவாராயின், அவர்கள் முழு உண்மையையும் கூறினாரல்லர். இளமையிற் பொருந்திய கிடக்கை நிறைமாதத்திற் பொருந்தாது. நிறைமாதத்திற் பொருந்தியது அகதி முகாமிற் பொருந்தாது. அங்கு பொருந்தியது முதுமையிற் பொருந்தாது. அடி மாறும்போது ஆட்டமும் மாறவேண்டும். மாறும் வேளையில் ஒருவர் மற்றவரைச் செவியிலிருந்து இழந்துவிடாதிருத்தலே வேண்டற்பாலது.

"இந்த மெஷினுக்குத் தாளமில்லை, ஒரே இரைச்சல்" என்று முதியவர் சில இரவுகளில் குறைகூறுவதுண்டு. அம்மையார் மறுமொழி கூறுவதில்லை. அவர் கேட்பது இயந்திரத்தை அன்று. அதன் அடியிலே, நிமிடத்துக்குப் பதினான்கு முறை, ஒன்று வருகின்றது. அது நான்கைந்து முறை ஒழுங்காக வந்தபின், அவர் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்து உறங்கிவிடுகின்றார்.